விடுதி வாழ்க்கையும் புளூ காய்ச்சலும்

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் சென்னை சென்ட்ரலிலிருந்து வடக்கே புறப்படும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் புதிதாகப் பல்கலைக் கழகத்தில் சேரச் செல்லும் பிள்ளைகள் பலரைக் காணலாம். ஊறுகாய், பருப்புப் பொடி, இரண்டு போர்வைகள், சான்றிதழ்கள் வைத்த உறை ஆகிய யாவும் பெட்டியில் இருக்கும். அன்னையர் எதையும் மறப்பதில்லை. ஆனால் பெட்டியில் வைக்க இயலாததும், ரயில் ஏறுவதற்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டியதுமான காரியம் ஒன்று பெரும்பாலும் விட்டுப் போகிறது. அதுவே புளூ காய்ச்சலுக்கான தடுப்பூசி. தில்லியிலும் புணேயிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ் நேயர்கள் பலருடைய வீட்டுப் பிள்ளைகள் விடுதிகளில் தங்கிப் படிக்கிறார்கள். ஊரிலிருந்து வந்து படிக்கும் உறவினர் பிள்ளைகளுக்கும் இவர்கள் வீடே தாய்வீடு. ஆதலால் இவர்களுக்கு இதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

என் வீட்டில் நடந்ததை முதலில் கூறிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கையின் மகன் தில்லியில் ஒரு கல்லூரியில் சேர்ந்தான். விடுதியில் அறைக்கு மூவர். ஆகஸ்டு மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அறைத் தோழன் ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டது. அவன் படுக்கவில்லை, மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு வகுப்புக்குப் போனான். புதனன்று இரண்டாமவனுக்குக் கண்டது. வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வீட்டுக்கு வந்த மருமகனின் கண்கள் சிவந்திருந்தன. “உடம்பு இப்படிக் கொதிக்கிறதே, இன்று வகுப்புக்கா போனாய்?” என்று கேட்டேன். “என்ன செய்வது மாமா, எழுபத்தைந்து சதவிகிதம் வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள். வைத்தியர் சான்றிதழைக் கொடுத்தாலும் அலுவலகத்தில் முகத்தைச் சுளிக்கிறார்கள்” என்றான். என் தாயார் மிளகு ரசம் வைத்துக் கொடுத்து, பேரனின் தலைமாட்டிலேயே அமர்ந்திருந்தார். பேரன் ஐந்தாம் நாள் எழுந்து நடமாடினான். எழுபத்தெட்டு வயதான என் தாயாரோ பதினொரு நாட்கள் மருத்துவமனையில் கிடந்தார். காய்ச்சல் நிமோனியாவாக முற்றிவிட்டது. பிழைத்து வந்தார், ஆயினும் முன்போல் மாடிப்படி ஏற அவரால் முடிவதில்லை.

இளைஞனுக்கு ஐந்து நாள் அசதி, முதியவருக்கு உயிராபத்து. புளூ காய்ச்சலின் இயல்பே இதுதான். அறுபத்தைந்து வயது கடந்தோர், ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள், கருவுற்ற பெண்கள், நீரிழிவு, ஆஸ்துமா, இருதய நோய் முதலியன உடையோர் ஆகியோரையே அது கடுமையாகத் தாக்குகிறது. ஆனால் அவர்களிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் பல வேளைகளில் நல்ல உடற்கட்டுடைய இளைஞரே. அதற்காக இளைஞருக்கு அபாயமே இல்லை என்று கொள்ளலாகாது. 1918-ஆம் ஆண்டில் பம்பாய்த் துறைமுகத்தின் வழியே இந்நாட்டில் நுழைந்து ஒரு கோடிக்கு மேற்பட்டோரை மாய்த்த பெருங்கொள்ளை நோய், இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினரையே மிகுதியாகக் கொண்டு சென்றது. 2009-ஆம் ஆண்டில் புதுவகைப் புளூ பரவியபோது இந்தியாவில் முதலில் உயிரிழந்தது புணே நகரில் பள்ளியில் படித்த ஒரு சிறுமி. அதன்பின் அந்நகரின் பள்ளிகளும் கல்லூரிகளும் சில நாட்கள் மூடப்பட்டன.

தமிழ்நாட்டுக்கும் இந்நோயின் வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1957-ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரிலிருந்து பயணிகளை ஏற்றிச் சென்னைத் துறைமுகம் வந்தடைந்த கப்பல் ஒன்றில் பலர் காய்ச்சலோடு இருந்தனர். ‘ஆசியப் புளூ’ என்று பின்னர் பெயர் பெற்ற நோய் அவ்வாறே இந்தியாவுக்குள் வந்தது. ஓராண்டுக்குள் நாடெங்கும் கணக்கில் வந்தவர்கள் மட்டும் 44 இலட்சத்துக்கு மேல். அந்நாளில் இந்தக் கிருமியை ஆராய்ந்த நிலையம் நீலகிரி மலையில் குன்னூரில் உள்ள பாஸ்டர் நிலையத்தில் இயங்கியது. இன்று புணேயில் உள்ள தேசிய நச்சுயிரியல் நிலையம் அப்பணியைச் செய்து வருகிறது.

இனி நோயின் தன்மையைச் சுருக்கமாகக் கூறுவோம். தும்மல் வந்ததெல்லாம் புளூ அன்று. சாதாரணச் சளி மெல்ல வந்து மூக்கோடு நின்றுவிடும். புளூ காய்ச்சலோ திடீரென வரும். காலையில் வகுப்பில் இருந்தவன் மாலையில் போர்வைக்குள் நடுங்குவான். கடும் காய்ச்சல், தலைவலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போன்ற வலி, வறட்டு இருமல் இவை அதன் அடையாளங்கள். கிருமி உடலில் புகுந்த ஒன்று முதல் நான்கு நாட்களில் நோய் வெளிப்படும். இங்கே ஒரு சூழ்ச்சி இருக்கிறது. காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே நோயாளி பிறருக்கு அதைப் பரப்பத் தொடங்கிவிடுகிறான். தெரிந்த பின்னும் ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை பரப்புகிறான். ஆகவே, ‘நோய் கண்டபின் ஒதுங்கியிருந்தால் போதும்’ என்பது பாதி மருந்துதான்.

இத்தகைய கிருமிக்கு விடுதியைவிட ஏற்ற இடம் வேறொன்றைக் கற்பனை செய்வது கடினம். மூன்று கட்டில்கள் ஒரு முழ இடைவெளியில் கிடக்கும். தில்லிக் குளிரில் சன்னல்கள் மாதக்கணக்கில் திறக்கப்படுவதில்லை. உணவுக் கூடத்தில் முந்நூறு பேர் ஒரே நேரத்தில் அமர்ந்து உரக்கப் பேசிக்கொண்டு உண்கிறார்கள். நம்மவர்க்கு வீட்டிலே தூக்கிக் குடிக்கும் வழக்கம் உண்டு. விடுதிக்குப் போன ஒரு மாதத்தில் ஒரே பாட்டிலை நால்வர் வாய் வைத்துக் குடிக்கத் தலைப்படுகிறார்கள். பழைய வழக்கங்கள் எல்லாம் மூடநம்பிக்கை அல்ல என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன். எனினும் புளூ முக்கியமாகப் பரவுவது இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் வெளிப்படும் நுண்ணிய திவலைகளால்தான் என்பதை மறக்கலாகாது. பாட்டிலைத் தனியாக வைத்துக்கொண்டு சன்னலை மூடிவைப்பவன் பெரிதாக ஒன்றும் தப்பிவிடுவதில்லை.

தடுப்பூசியின் கதை பல்கலைக் கழகங்களோடு பிணைந்தது என்பது பலருக்குத் தெரியாது. புளூவை உண்டாக்கும் வைரஸ் மனிதரிடமிருந்து பிரித்தறியப்பட்டது 1933-ஆம் ஆண்டில். அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பின், அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த தாமஸ் பிரான்சிஸ் என்ற அறிஞரின் தலைமையில் பெரிய சோதனை ஒன்று நடந்தது. அவருக்குத் துணை நின்ற இளைஞர் ஜோனாஸ் சால்க். பிற்காலத்தில் இளம்பிள்ளை வாதத்துக்குத் தடுப்பு மருந்து கண்டு உலகப் புகழ் பெற்றவர் இவரே. யுத்த காலம் அது. பல்கலைக் கழகங்களில் தங்கிப் பயின்ற இராணுவ மாணவர்களுள் பாதிப் பேருக்குத் தடுப்பூசி; மற்றப் பாதிக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. 1943-ஆம் ஆண்டின் இறுதியில், ஊசி போட்டுச் சில வாரங்களுக்குள் நோயும் வந்தது. மருந்து பெற்றவரில் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பேரும், பெறாதவரில் ஏழு பேரும் நோயுற்றனர். ஒரே வகுப்பு, ஒரே விடுதி, ஒரே உணவு. வேறுபாடு ஊசி ஒன்றே.

இதோடு கதை முடிந்திருந்தால் நாமும் அம்மைத் தடுப்பைப் போல் இதையும் இளமையிலேயே முடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். 1947-ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களுக்குத் தடுப்பூசி போடப்பட்டிருந்தது. ஏழாயிரத்துச் சொச்சம் பேர் போட்டுக்கொள்ளவில்லை. அவ்வாண்டு நோய் வந்தபோது இரு சாராரும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் நோயுற்றனர். மருந்து கெட்டுப்போகவில்லை. வைரஸ்தான் தன் மேலாடையை மாற்றிக்கொண்டுவிட்டது! உடலின் காவலாளர்கள் பழைய ஆடையின் அடையாளத்தை வைத்துக்கொண்டு தேடினர். புது ஆடையில் வந்தவனை அடையாளம் காணவில்லை.

அந்தத் தோல்வி வீண் போகவில்லை. உலகெங்கும் புளூ வைரஸின் மாற்றங்களை இடைவிடாது கண்காணிக்க வேண்டும் என்ற எண்ணம் அதிலிருந்து வலுப்பெற்றது. 1952-ஆம் ஆண்டு முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இதற்கென ஒரு வலையமைப்பு இயங்கி வருகிறது. ஆண்டுக்கு இருமுறை அறிஞர்கள் கூடி, அடுத்த பருவத்துத் தடுப்பூசியில் எவ்வெவ்வகை வைரஸ்கள் இருக்க வேண்டும் என்று முடிவு செய்கின்றனர். பிப்ரவரியில் பூமியின் வடபாதிக்கும் செப்டம்பரில் தென்பாதிக்கும் இம்முடிவு எடுக்கப்படுகிறது. ‘போன ஆண்டு போட்டேனே, இந்த ஆண்டும் எதற்கு?’ என்று கேட்போருக்கு இதுவே விடை. கிருமியும் மாறுகிறது, ஊசியால் வந்த ஆற்றலும் மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது.

இந்தியா வடபாதியில் இருப்பதால் அமெரிக்கரையும் ஐரோப்பியரையும் போல நாமும் அக்டோபரில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமா? இக்கேள்விதான் பிற மாநிலத் தமிழருக்கு மிகவும் முக்கியமானது. நம் நாட்டில் புளூ குளிரைப் பின்பற்றுவதைவிட மழையையே பெரும்பாலும் பின்பற்றுகிறது. தில்லி, லக்னோ, கொல்கத்தா, நாகபுரி, புணே ஆகிய நகரங்களில் அது தென்மேற்குப் பருவமழையோடு ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சம் அடைகிறது. சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபர், நவம்பரில் மிகுகிறது. ஸ்ரீநகரிலோ ஜனவரி முதல் மார்ச்சு வரையுள்ள கடுங்குளிரில். நம் பாட்டிமார் கணக்கில் சொன்னால், சென்னையின் காய்ச்சல் ஐப்பசி அடைமழையில். தில்லியின் காய்ச்சல் ஆடி, ஆவணியில். காஷ்மீரத்தின் காய்ச்சல் தை, மாசியில்.

ஊரைவிட்டு வந்தவன் ஊர்க் கணக்கையும் கூடவே எடுத்துவந்து விடுகிறான். ‘காய்ச்சல் காலம் தீபாவளிக்கு மேல்தானே’ என்று தமிழ்நாட்டிலிருந்து வந்த மாணவன் எண்ணியிருப்பான். அவன் வந்து இறங்கும் மாதமோ தில்லியில் காய்ச்சலின் நடுக்காலம். போதாக்குறைக்கு, நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்த புதியவர்கள் முதன்முதலாக ஓரறையில் கூடுவதும் அப்போதுதான். பருவமும் பள்ளிக் கணக்கும் இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. ஊசி போட்டபின் உடலில் எதிர்ப்பாற்றல் பிறக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். ஆகவே விடுதியில் சேர்ந்தபின் வைத்தியரைத் தேடுவது, மழை வந்தபின் ஓடு மாற்றுவது போல. தில்லி, புணே போன்ற இடங்களில் வாழ்வோரும் அங்கே படிக்கப் போவோரும் சித்திரை, வைகாசியில், அதாவது ஏப்ரல், மே மாதங்களிலேயே, அப்போது கிடைக்கும் மிகப் புதிய தடுப்பூசியைக் கேட்டுப் போட்டுக்கொள்வது நலம். ஸ்ரீநகரில் படிப்பவர் அக்டோபர் வாக்கில் போட்டுக்கொள்ளலாம். கோடையில் தவறவிட்டவர் ஒரேயடியாக விட்டுவிட வேண்டியதில்லை. ஜூனில் போட்டாலும் பயன் உண்டு, ஜூலையில் போட்டாலும் ஓரளவு உண்டு. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது சென்னையின் காய்ச்சல் காலம் அவர்களை எதிர்கொள்கிறது என்பதையும் நினைவில் வைக்கலாம்.

ஊசியைப் பற்றிய ஐயங்கள் சிலவற்றுக்கு வருவோம். ஊசி போட்டும் காய்ச்சல் வந்தது என்று பலர் குறை கூறுவர். உண்மைதான். வைரஸும் ஊசியும் நன்கு பொருந்திய ஆண்டுகளில்கூட அது நோயை நூற்றுக்கு நாற்பது முதல் அறுபது வரையே குறைக்கிறது. சளியை உண்டாக்கும் வேறு கிருமிகள் நூற்றுக்கு மேல் உண்டு. அவற்றை இது தடுக்காது. ஆனால் நோய் கண்டாலும் அது முற்றி மருத்துவமனைக்குப் போகும் நிலையைப் பெரிதும் குறைக்கிறது. ஊசியாலேயே புளூ வந்துவிடும் என்பது தவறான அச்சம். ஊசியில் இருப்பது உயிரற்ற வைரஸ். அதனால் நோயை உண்டாக்க இயலாது. தோளில் வலியும் ஓரிரு நாள் சிறு காய்ச்சலும் சிலருக்கு வரலாம்.

நம் குடும்பங்களில் எழும் இன்னொரு தயக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரும்பாலான புளூ தடுப்பூசிகளுக்கான வைரஸ் கோழி முட்டையில் வளர்க்கப்படுகிறது. பின்னர் அதைப் பிரித்துத் தூய்மை செய்கின்றனர்; ஆயினும் முட்டைப் புரதம் மிக நுண்ணிய அளவில் எஞ்சியிருக்கலாம். சைவ உணவினர் இதையறிந்து தயங்குவது இயல்பே. உணவு வேறு, மருந்து வேறு என்று கொண்டு பலர் ஏற்கின்றனர்; அவரவர் மனச்சாட்சிக்கு உரியது அது. தெரியாமல் மறுப்பதைவிடத் தெரிந்து முடிவு செய்வது மேல். ஊசியின் விலையும் மாணவனுக்குச் சிறு தொகையன்று. குழந்தைகளுக்குரிய அரசாங்கத் தடுப்பூசித் திட்டத்தைப் போல இது எல்லார்க்கும் இலவசமாகக் கிடைப்பதில்லை. பல்கலைக் கழக வைத்திய நிலையமே மொத்தமாக வாங்கி, சேர்க்கைக் கடிதத்தோடு நாளைக் குறித்து அனுப்பினால் செலவும் அலைச்சலும் குறையும்.

ஊசியினும் மலிவான மருந்து ஒன்று கல்லூரி நிர்வாகத்தார் கையில் இருக்கிறது. நோயுற்றவனைப் படுக்க விடுவதே அது. காய்ச்சல் மாத்திரையின் உதவியின்றி இருபத்துநான்கு மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்கும் வரை ஒருவன் வகுப்புக்கு வரலாகாது. ஆனால் வருகைப் பதிவேடு அவனை வா, வா என்று அழைக்கிறது. காய்ச்சலுக்கு நான்கைந்து நாள் கேள்வியின்றி விடுப்பு. விடுதியில் நோயாளிகளுக்கென ஓரிரு தனியறைகள். உணவை அறைக்கே அனுப்பும் ஏற்பாடு. இம்மூன்றையும் செய்யாத நிர்வாகம் சுவரெங்கும் சுகாதார வாசகங்களை ஒட்டி என்ன பயன்?

மாணவர் செய்யக்கூடியவை எளியவை. கைகளைச் சோப்பிட்டு இருபது வினாடி தேய்த்துக் கழுவுதல் நலம். புளூ வைரஸைச் சூழ்ந்துள்ள கொழுப்புறையைச் சோப்பு கரைத்துவிடுகிறது. கதவுப் பிடி, மேசை முதலியவற்றில் அது ஒரு நாள், இரண்டு நாள்கூட உயிரோடிருக்கும். இருமுபவர் முகக்கவசம் அணிவதும் முழங்கை மடிப்பில் இருமுவதும் 2020-க்குப் பின் எல்லோரும் அறிந்தவையே. குளிரிலும் நாளுக்குச் சில முறை சன்னலைத் திறந்து வைத்தல் வேண்டும்.

காய்ச்சல் கண்டவன் நிறைய நீர் அருந்தி ஓய்வு கொண்டால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தேறுவான். ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் வைரஸை ஒன்றும் செய்யா; கடையில் கேட்டு வாங்கி விழுங்குவது வீண் மட்டுமன்று, கேடும்கூட. புளூவுக்கென ஓசல்டாமிவிர் என்ற மருந்து உண்டு. நோய் தொடங்கி நாற்பத்தெட்டு மணிக்குள் கொடுத்தால் அதிகப் பயன் தரும். ஆஸ்துமா முதலியன உடையவர் ஆதலால் காத்திராமல் முதல் நாளே வைத்தியரிடம் செல்ல வேண்டும். மூச்சுத் திணறல், மார்பு வலி, உதடு நீலம் பாய்தல், மனக் குழப்பம், தணிந்த காய்ச்சல் மீண்டும் ஓங்குதல் இவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மழைக்குப் பின் வட இந்திய நகரங்களில் டெங்குவும் பரவுவதால், எது எக்காய்ச்சல் என்பதை அறை நண்பர்கள் தீர்மானிக்கலாகாது. சோதனை முடியும் வரை ஆஸ்பிரினையும் ஐபுபுரோபெனையும் தொடாமல், பாரசிட்டமால் மட்டும் கொள்வது பாதுகாப்பு.

என் வீட்டுக் கதையில் மிச்சம் கொஞ்சம் உண்டு. மறு ஆண்டு சித்திரையில் நாங்கள் மூவரும் ஊசி போட்டுக்கொள்ளப் போனோம். முட்டை விஷயத்தை என் தாயார் வைத்தியரிடம் நேரே கேட்டார். அவர் உள்ளபடி சொன்னார். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், “பையனுக்கு முதலில் போடுங்கள், பிறகு எனக்கு” என்று சேலைத் தலைப்பை ஒதுக்கினார். மருமகன் தன் அறைத் தோழர் இருவரையும் வற்புறுத்தியதில் ஒருவன் இணங்கினான். மற்றவனுக்கு ஊசியென்றால் பயம். இப்போதும் ஆவணியில் விடுதியில் யாருக்காவது காய்ச்சல் என்றால் மருமகன் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. பாட்டியோடு தொலைபேசியில் பேசுவதோடு சரி. பாட்டி மிளகு ரசத்தை ஒரு தூக்கில் ஊற்றி மூடி என்னிடம் கொடுப்பார். விடுதி வாயிலில் காவலரிடம் அதைக் கொடுத்துவிட்டு நான் திரும்பிவிடுவேன்.